எட்டு ஆம்பியர் கைராசி

லாசரஸுக்குக் கைராசி உண்டு என்று தோ பாயோவில் ஒரு வீட்டில் நம்பினார்கள். ஒரே ஒரு வீடுதான். ஆனால் அந்த ஒரு வீட்டில்தான் ரூபி இருந்தாள் என்பதால், மற்ற வீடுகள் என்ன நினைத்தன என்று அவன் கவலைப்படவில்லை.

சாங்கியில் புது விமான நிலையம் திறந்த மறு வருஷம் அது. லாசரஸ் அங்கே சரக்குப் பிரிவில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையில் இருந்தான். குடியிருப்பு பிடோக்கில், சித்தப்பா சுவிசேஷமுத்து வீட்டில். மின்சாரத்துக்கும் அவனுக்கும் இருந்த உறவு, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்கிற அளவில்தான் இருந்தது. அப்படிப்பட்டவன் அடுப்பு டாக்டர் ஆனதற்குக் காரணம் அவன் வாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் நின்றிருந்தபோது, பிலோமினம்மாள் தன் கரண்ட் அடுப்பு கெட்டுப்போனதை யாரிடமோ சொல்லிப் புலம்பினார். பக்கத்தில் மகள் ரூபி நின்றாள். தான் வந்து பார்ப்பதாக லாசரஸின் வாய் சொல்லிவிட்டது. மூளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசும் வழக்கம் அந்த வாய்க்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, அதற்குப் பின்னும் வரவில்லை.

பிலோமினம்மாள் கணவரை இழந்தவர். வீட்டிலேயே முறுக்கும் அச்சு முறுக்கும் சுட்டுச் சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். ரூபி அதே சாலையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். அவர்கள் இருந்த அடுக்குமாடி புளோக் முழுக்க கேஸ் அடுப்பு வந்துவிட்ட பிறகும் பிலோமினம்மாள் கேஸை நம்பவில்லை. ஒருநாள் சிலிண்டர் சீறிய சத்தம் கேட்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடியவர், திரும்பி வந்த கையோடு அதைத் தொலைத்துத் தலைமுழுகிவிட்டு இந்த அடுப்பை வாங்கினார். வெள்ளைப் பீங்கான் தட்டு, அதில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம், பள்ளத்துக்குள் சுருள் கம்பி. அதைத் தரையில் வைத்து, மணை போட்டு உட்கார்ந்துதான் அவருக்கு முறுக்குச் சுட வரும். சுவரில் இருந்த பிளக்கு அவ்வளவு தூரம் எட்டாததால், எப்போதோ ரேடியோவுக்கு வாங்கிய நீளமான ஒயரில் அதை மாட்டியிருந்தார்.

முதல் நாள் லாசரஸ் அந்த அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏதோ பெரிய விஷயம் யோசிக்கிறவன் மாதிரி மோவாயைத் தடவிக்கொண்டிருந்தான். யோசித்தது என்னவோ எப்படித் தப்பிப் போவது என்றுதான். அப்போது கண்ணில் பட்டது, சுருள் ஒரு இடத்தில் கருகி அறுந்திருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. கருகிய துண்டைக் குறடால் வெட்டி எறிந்தான். மிச்சச் சுருளைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, இரண்டு நுனியையும் முறுக்கிச் சேர்த்தான். சுவிட்சைப் போட்டதும் அடுப்பு சிவந்தது. சிவந்தது மட்டுமில்லை, முன்னைவிடச் சீக்கிரம் எண்ணெய் காய்ந்தது.

"புதுசா வாங்கினப்பகூட இவ்வளவு சூடு வரல, தம்பி. கைராசிதான் போங்க."

பிலோமினம்மாள் சொன்ன இந்தச் சொல்லை லாசரஸ் பிடோக் வரைக்கும் பஸ்ஸில் மடியில் கட்டிக்கொண்டு போனான். அவன் நியாயமும் தெளிவாகத்தான் இருந்தது. கம்பி குறைந்திருக்கிறது. கம்பி குறைந்தால் சூடும் குறையத்தானே வேண்டும்? குறையாமல் கூடியிருக்கிறது என்றால் அது கைராசியல்லாமல் வேறென்ன?

சில மாதம் கழித்து அடுப்பு மறுபடி அறுந்தது. மறுபடி வெட்டினான், இழுத்தான், முறுக்கினான். சூடு இன்னும் கூடியது. அடுத்த தடவை சில வாரத்திலேயே அறுந்தது. அதற்கடுத்த தடவை அதற்கும் முன்னால். ஒவ்வொரு தடவையும் சுருள் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கும், ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கும் நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பிலோமினம்மாள் கோயிலில் நாலு பேரிடம் அவன் புகழைப் பாடினார். வெட்டிய துண்டுகளை லாசரஸ் போகிற போக்கில், மாடியிலிருந்து கீழே இறங்கும் குப்பைக் குழாயில் போட்டுவிட்டுப் போனான். பாதி அடுப்பைத் தன் கையாலேயே குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

அடுப்பு அடிக்கடி கெட்டதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. கெட்டால்தானே கூப்பிடுவார்கள்? அவன் குந்தி உட்கார்ந்து வேலை செய்யும்போது ரூபி சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். ஒன்றிரண்டு வார்த்தை பேசுவாள். கடைக்கு வந்த வாடிக்கையாளர் நூறு புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் கைக்குட்டை வாங்கிப் போன கதையைச் சொல்வாள். அவன் சிரிப்பான். அதற்காக பிடோக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவது அவனுக்குப் பெரிதாகவே தெரியவில்லை. அந்த வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கிய இருதய ஆண்டவர்தான் தன் பக்கம் நின்று அடுப்பைக் கெடுக்கிறார் என்று உண்மையாகவே நம்பினான். பழியை யார் தலையில் போடுவது என்றுகூட விவஸ்தை இல்லை.

விஷயம் சித்தப்பா காதுக்குப் போனது. சுவிசேஷமுத்து எதையும் சுற்றி வளைக்காதவர். பெண்ணின் தாயார் இவனை இவ்வளவு மெச்சுகிறார் என்றால் காலம் தாழ்த்துவானேன், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்து, பிலோமினம்மாளிடம் சொல்லியும் அனுப்பிவிட்டார். வரச் சொல்லிப் பதிலும் வந்தது. லாசரஸ் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கிடையே அவன் இன்னொரு காரியமும் செய்திருந்தான். கைராசியோடு ஒரு சர்ட்டிபிகேட்டும் இருந்தால் தேவலை என்று பிலோமினம்மாள் ஒருமுறை சொன்னதை மனசில் வைத்து, வேலை முடிந்து மின்சார வேலைக்கான மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான். படிப்பதற்காகச் சேரவில்லை. தனக்குத் தெரிந்ததற்கு ஒரு காகிதம் வாங்கத்தான் சேர்ந்தான். அந்த வாரம் சீன வாத்தியார் கரும்பலகையில் மூன்றே எழுத்துகளை எழுதினார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் தடை. அதை ஓம் கணக்கில் சொல்வார்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது எவ்வளவு சூடு என்பது. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சாமானை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டு வரச் சொன்னார்.

லாசரஸுக்கு வேறென்ன சாமான் தோன்றும்? விமான நிலையப் பட்டறையில் வேலை பார்த்த ஹனீபாவிடம் கெஞ்சி, ஒயரை அறுக்காமலே வாயால் கவ்விக்கொண்டு ஆம்பியரைக் காட்டும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினான். சனிக்கிழமை மதியம் அதைத் தூக்கிக்கொண்டு தோ பாயோவுக்குப் போனான். மறுநாள் பெண் கேட்க வரப்போகிற வீட்டுக்கு முந்தின நாளே மீட்டரோடு போய் நிற்கிறவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. ரூபி கடையில் இருந்தாள். பிலோமினம்மாள் மாவு பிசைந்துகொண்டிருந்தார். படிக்கிற பையன் என்று அவருக்கு இன்னும் பெருமைதான்.

அடுப்பைப் புரட்டிப் பார்த்தான். அடியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருந்தது. வீட்டுக்கு வருவது இருநூற்று முப்பது வோல்ட். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தான். புதிதாக இருந்தபோது இந்த அடுப்பு நாலரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுத்திருக்க வேண்டும். தடை ஐம்பத்து மூன்று ஓம். சரி, இப்போது எவ்வளவு என்று சுவிட்சைப் போட்டு, ஒயரின் இரண்டு புரியைப் பிரித்து ஒன்றை மட்டும் மீட்டருக்குக் கவ்வக் கொடுத்தான். முள் எட்டில் போய் நின்றது.

இருநூற்று முப்பதை எட்டால் வகுத்தான். தடை இருபத்தொன்பது ஓம்கூட இல்லை. இருநூற்று முப்பதை எட்டால் பெருக்கினான். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வாட் வந்தது. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், லாசரஸ் மகா பெருமையோடு உட்கார்ந்திருந்தான். கம்பெனிக்காரன் ஆயிரம் வாட்டுக்குச் செய்த அடுப்பைத் தன் கை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிவிட்டதே!

அப்புறம்தான் கணக்கு அவனைத் திரும்பிப் பார்த்தது. கம்பி குறையக் குறையத் தடை குறைகிறது. தடை குறைந்தால் கரண்ட் அதிகமாகப் பாய்கிறது. வோல்ட் அதேதான், ஆகவே சூடு கூடுகிறது. சூடு கூடினால் கம்பி சீக்கிரம் அறுகிறது. அறுந்தால் லாசரஸ் வந்து இன்னும் கொஞ்சம் வெட்டுகிறான். கைராசியும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. இத்தனை நாளாக அடுப்பைக் கெடுத்தது இருதய ஆண்டவர் அல்ல, குறடும் கையுமாக வந்து போன இந்த மடையன்தான்.

ரேடியோவுக்கு வாங்கிய அந்த நீள ஒயரின் நினைவு வந்து, அதன் பிளக்கைத் திருப்பிப் பார்த்தான். அஞ்சு ஆம்பியர் என்று பொறித்திருந்தது. பிளாஸ்டிக் பழுப்பாகிக் கொஞ்சம் உருகியும் இருந்தது. தொட்டவன் கையை இழுத்துக்கொண்டான். அடுப்பு புதிதாக இருந்தபோது இந்த ஒயர் தாங்கியிருக்கும். எட்டு ஆம்பியரைத் தாங்காது. அதன் மேலேதான் ஜன்னல் திரை தொங்கியது. பக்கத்தில் எண்ணெய் டின். தாயும் மகளும் தூங்கும் அறைக்கு வழி அந்தச் சமையலறையைத் தாண்டித்தான்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அன்று பார்த்து அந்த வாய் முதல் தடவையாக மூளையிடம் கேட்டுக்கொண்டது. நாளைக்குப் பெண் கேட்க வருகிறாய், இன்றைக்குப் போய் உங்கள் அடுப்பை நான்தான் கெடுத்தேன் என்று சொல்லுவாயா என்று மூளை கேட்டது. சுருள் பழசாகிவிட்டது, புதுசு மாற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான். சுங்கை ரோட்டுக் கடைகள் பக்கம் ஓடி, ஆயிரம் வாட் சுருள் ஒன்றும் தடித்த ஒயரும் வாங்கி வந்து மாட்டிவிட்டு, மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் நாலரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மனசு லேசாகி வீட்டுக்குப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அடுப்பைச் சரியாகப் பழுது பார்த்திருந்தான்.

மறுநாள் பூசையில் பிலோமினம்மாள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் காரணம் தெரிந்தது. சமையலறை வாசலில் ஒரு பெரிய தட்டு நிறைய முறுக்கு. எல்லாம் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்று கிடந்தன. அதைக் கொண்டுவந்து சித்தப்பா முன்னால் வைத்தார் பிலோமினம்மாள். ராத்திரி முழுக்க எண்ணெய் காயவே இல்லை, கிறிஸ்துமஸுக்குக் கேட்டிருந்த கடைக்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நேற்று வரைக்கும் குதிரை மாதிரி ஓடிய அடுப்பை இந்தத் தம்பி கை வைத்துப் படுக்கப் போட்டுவிட்டது என்றார். சித்தப்பா கொண்டு போயிருந்த ஆரஞ்சுப் பழங்கள் பையிலேயே இருந்தன. அவற்றை எப்போது வெளியே எடுப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

தப்பாகச் செய்த போதெல்லாம் ஊரெல்லாம் புகழ்ச்சி. ஒரே ஒரு தடவை சரியாகச் செய்ததற்கு இந்த அர்ச்சனை. லாசரஸுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ரூபி அறை வாசலில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சித்தப்பா அவன் காதருகே குனிந்தார். "எப்பவும் செய்யிற மாதிரி செஞ்சு குடுத்துருடா. சூடு வரட்டும். அப்புறம் நான் பேசுறேன்."

குறடு பையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் குந்தினான். பாதிச் சுருளை வெட்டினால் சூடு இரண்டு மடங்கு. வாத்தியார் சொல்லித் தராமலே அவன் தானாகப் போட்டுக் கற்ற கணக்கு அது. இத்தனை நாளும் தெரியாமல் வெட்டினான். இப்போது எத்தனை விரற்கடை வெட்டினால் எத்தனை வாட் கூடும் என்று தெரிந்தே வெட்டலாம். வெட்டினால் எண்ணெய் காயும், முறுக்கு மொறுமொறுக்கும், ஆரஞ்சுப் பழம் தட்டுக்கு வரும், ரூபி கிடைப்பாள். ஆனால் சுருள் மறுபடி அறுந்துகொண்டே இருக்கும். என்றைக்காவது அவன் இல்லாத ஒரு நாளில், அந்தக் கம்பி அறுவதற்கு முன்னால் வேறெதுவாவது பற்றிக்கொள்ளும். புது ஒயர் போட்டாயிற்று என்று மனசைத் தேற்றிப் பார்த்தான். தடித்த ஒயரைக் கழற்றி, மூலையில் கிடக்கும் ரேடியோ ஒயரையே மறுபடி மாட்ட பிலோமினம்மாளுக்கு எவ்வளவு நேரமாகும்?

குறடைக் கீழே வைத்தான். எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே, பீங்கான் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஆன்ட்டி, இதுதான் இந்த அடுப்போட உண்மையான சூடு. முன்னாடி இருந்தது நான் கெடுத்து வச்ச சூடு. கம்பிய வெட்ட வெட்ட கரண்ட் ஜாஸ்தியா இழுத்துச்சு. அது எனக்குத் தெரியாது. நேத்துதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த பிளக்கு தீப்பிடிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்திருப்பீங்க."

சித்தப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பிலோமினம்மாள் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப இத்தனை நாளும் ஒண்ணும் தெரியாமத்தான் கை வச்சீங்களா, தம்பி?"

ஆமாம் என்றான். தெரியாது என்று நேற்றே தெரிந்தும் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் உண்மையைச் சொன்னான். பெண் கேட்க வருவதால் சொல்லவில்லை என்றான். இதைக் கேட்டதும் சித்தப்பா பழப்பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டார். கிளம்ப வேண்டியதுதான் என்று லாசரஸுக்கும் தோன்றியது. அந்தம்மா இடத்தில் தான் இருந்தாலும் இப்படி ஒருவனுக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று நினைத்துக்கொண்டான். அந்த ஒரு விஷயத்தில் அவன் புத்தி சரியாகவே வேலை செய்தது.

ரூபி வாசலிலிருந்து வந்து அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள். கட்டை விரலிலும் பக்கத்து விரலிலும் தோல் பொசுங்கி, உரிந்து, மறுபடி பொசுங்கியிருந்தது.

"தினமும் பிளக்கைப் பிடுங்குறது நான்தான். சுடுதும்மா, சுடுதும்மான்னு எத்தனையோ தடவை சொன்னேன். லாசரஸ் பார்த்த அடுப்புடி, அதுல தப்பு வருமான்னாங்க. துணிய சுத்திப் பிடுங்க ஆரம்பிச்சேன். அந்தத் துணியும் கருகிப் போச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனை நாள் அவள் அந்த வாசலில் நின்று பேசியிருக்கிறாள், இவன் பல்லை இளித்துக்கொண்டு கைராசியைக் கேட்டுக்கொண்டிருந்தானே தவிர, அந்தக் கையை ஒரு தடவை பார்த்தானா? தன்னைக் கேலி செய்துகொள்ள அவனுக்கு எப்போதும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அப்போது கண்ணில் தண்ணீர்தான் முட்டிக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் அதைத் துடைத்துக்கொண்டான். பிலோமினம்மாள் எழுந்து வந்து மகளின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரூபி லாசரஸைப் பார்த்துக் கேட்டாள். "நாளைக்கு நான் ஒண்ணு சரியில்லன்னு சொன்னா, மொதல்ல தொட்டுப் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்" என்றான்.

அவள் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தாள் போல. அவன் குறடை எடுத்துப் பைக்குள் போட்டான்.

ரூபி அம்மாவிடம் திரும்பி, வந்தவங்களுக்கு இன்னும் காப்பிகூடக் குடுக்கலையே என்றாள். பிலோமினம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எழுந்து பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துப் புதுச் சுருளின் மேல் வைத்தார். சித்தப்பா அவசர அவசரமாகப் பழப்பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். கோபத்தில் போட்ட முடிச்சு, அவிழவில்லை.

தண்ணீர் சூடாவதாகவே காணோம். இப்படிக் காய்ந்தால் என்றைக்கு முறுக்குச் சுட்டு முடிப்பது என்று பிலோமினம்மாள் முணுமுணுத்தார். ஆனால் வெட்டச் சொல்லவில்லை. லாசரஸ் எழுந்து சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், ரூபியும் எழுந்து அவனுக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இன்றைக்கு முன்னால், இத்தனை நாள் வந்து போனதில் அவள் அவன் எதிரே உட்கார்ந்ததே இல்லை. காப்பி வரும்வரைக்கும் அவள் அங்கேதான் இருப்பாள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீர் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்று லாசரஸ் இருதய ஆண்டவரை வேண்டிக்கொண்டான்.